தாவர ஜீனோமின் அளவை வைத்து அவசர முடிவுக்கு வராதீர்கள்

வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். பிரியும் செல்லுக்குள் தடித்த கயிற்றுத் துண்டுகளைப் போல 16 குரோமோசோம்கள் கிடக்கும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் வேரை அதே முறையில் பார்த்தால் தெரிவது 10 சிறு புள்ளிகள். ஜீனோம் என்பது ஓர் உயிரின் முழு டி.என்.ஏ. தொகுப்பு; அதன் நீளத்தை டி.என்.ஏ. ஏணியின் படிகளான கார இணைகளில் எண்ணுவோம். வெங்காயத்தின் ஜீனோமில் சுமார் 1,600 கோடி கார இணைகள் உள்ளன. அராபிடாப்சிஸில் சுமார் 13.5 கோடி.

இந்த வேறுபாட்டைக் கண்டதும், பெரிய ஜீனோம் என்றால் வளர்ச்சியடைந்த உயிர் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். மனித ஜீனோமே 310 கோடி கார இணைகள்தான்; வெங்காயத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு. நியூ கலிடோனியாவில் வளரும் டிமெசிப்டெரிஸ் ஓப்லான்சியோலேட்டா என்ற சிறு பெரணியில் சுமார் 16,000 கோடி என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. மறுபக்கம், நீருக்குள் பூச்சி பிடிக்கும் நுட்பமான பைகளைக் கொண்ட யூட்ரிக்குலேரியா கிப்பா சுமார் 10 கோடியோடு வாழ்கிறது. மரபணுக்களின் எண்ணிக்கையில் அது அராபிடாப்சிஸுக்குக் குறைந்ததல்ல.

குரோமோசோம்களை எண்ணி டி.என்.ஏ.வின் அளவைச் சொல்ல முயல்வதும் தவறு. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் 20 குரோமோசோம்கள்தான், ஆனால் மக்காச்சோளத்தின் ஜீனோம் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது. ஒஃபியோகுளோசம் ரெட்டிகுலேட்டம் என்ற பெரணியில் 1,260 குரோமோசோம்கள் எண்ணப்பட்டுள்ளன, டி.என்.ஏ. அளவிலோ முதலிடம் அதற்கு இல்லை.

எனக்கு மிகவும் உறுத்தலாக இருப்பது, ஜீனோம் பெரிதாக இருந்தால் உடனே பன்மடியத்தை, அதாவது குரோமோசோம் தொகுதிகள் இரண்டுக்கு மேல் இருப்பதை, காரணம் காட்டும் பழக்கம். பன்மடியம் பெரிய காரணம்தான். ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று மூதாதைகளிடமிருந்து சேர்ந்தவை. ஆனால் வெங்காயம் இருமடியம், இரண்டே தொகுதிகள் கொண்டது. ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ் என்ற காட்டு நெல்லைப் பாருங்கள். பயிர்நெல்லைப் போலவே அதற்கும் 24 குரோமோசோம்கள், ஆனால் ஜீனோம் இரு மடங்குக்கும் மேல். கடந்த 30 லட்சம் ஆண்டுகளில் ரெட்ரோடிரான்ஸ்போசான் எனப்படும் தாவும் டி.என்.ஏ. கூறுகளின் மூன்றே குடும்பங்கள் தம்மைத் தாமே நகலெடுத்துச் செருகிக்கொண்டதன் விளைவு அது. இவை இடம்விட்டு இடம் தாவும்போது பழைய பிரதி அங்கேயே இருக்கும், ஆர்.என்.ஏ. வழியாகப் புதிய பிரதி ஒன்று வேறிடத்தில் நுழையும். மக்காச்சோள ஜீனோமில் சுமார் 85 விழுக்காடு தாவும் கூறுகளே, அவற்றில் பெரும்பகுதி இந்த வகை. தாவும் கூறுகள் இருப்பதை முதலில் கண்டறிந்த பார்பரா மெக்ளின்டாக் ஆய்வு செய்ததும் அந்தப் பயிரில்தான். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஜீனோம் பெருத்துக்கொண்டே போகும் என்று எண்ணுவது அடுத்த தவறு. இப்படி நுழைந்த கூறுகள் பலவற்றின் இரு முனைகளிலும் ஒரே வரிசை இருக்கும். அந்த முனைகளுக்கிடையே மறுசேர்க்கை நடந்தால், அதாவது டி.என்.ஏ. அறுபட்டு மாறி இணைந்தால், நடுப்பகுதி கழன்று, ஒரு முனை மட்டும் மிஞ்சும். நெல்லின் ஜீனோமில் இப்படித் தனித்து நிற்கும் முனைகள் ஏராளம்; இழந்ததன் தடயங்கள் அவை. அராபிடாப்சிஸின் மூதாதைகளும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முழு ஜீனோமையும் இரட்டித்தவையே. இன்றைய சிறிய ஜீனோம், பிறகு கழித்ததால் எஞ்சியது. சிறிய ஜீனோமைக் கண்டு ‘இதுதான் ஆதி நிலை’ என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கூடுதல் டி.என்.ஏ. முழுவதும் விளைவற்ற சுமை என்றும் ஒதுக்கிவிட முடியாது. அதில் மரபணு இல்லாவிட்டாலும் செல்லின் பருமன் கூடுகிறது, இலைத்துளையின் காப்புச் செல்கள் பெரிதாகின்றன, செல் பிரிய அதிக நேரம் பிடிக்கிறது.

கடைசியாக, அளவீட்டில் நடக்கும் பிழைகள். சாயமேற்றிய உட்கருக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு அளக்கும் ஓட்டச் செல் அளவியல் பொதுவாகத் தருவது சாதாரண உடல் செல்லின் உட்கருவில் உள்ள மொத்த டி.என்.ஏ.வை. அதைப் பாதியாக்கினால்தான் பாலணுவுக்குரிய அளவு வரும். பட்டாணியின் ஒரு ரகத்தில் அந்த மொத்தம் 9.09 பிகோகிராம் (பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஒரு பிகோகிராம் 97.8 கோடி கார இணைகள். ஆகவே பாதியான 4.545 பிகோகிராம் ஏறத்தாழ 444 கோடி. பாதியாக்க மறந்த ஓர் எண்ணைப் பாதியாக்கிய இன்னொன்றோடு ஒப்பிட்டால், நடக்காத ஜீனோம் இரட்டிப்பு அட்டவணையில் முளைத்துவிடும். முதிர்ந்த இலையை எடுத்தாலும் இதே ஆபத்துதான். அராபிடாப்சிஸ் இலையின் பல செல்கள் பிரியாமலேயே டி.என்.ஏ.வை இரட்டிப்பதால் ஒரே இலையில் பாலணுவின் அளவைப்போல் இரண்டு, நான்கு, எட்டு மடங்கு டி.என்.ஏ. கொண்ட உட்கருக்கள் கலந்திருக்கும். இளம் இலையை எடுங்கள். அளவு தெரிந்த ஒரு தாவரத்தின் இலையையும் அதோடு சேர்த்தே நறுக்கி, ஒரே ஓட்டத்தில் அளந்துவிடுங்கள்.