மூய் நே மீனவர் கரை: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வியட்நாமின் மூய் நே போய்வந்த நண்பர் போன வாரம் படங்களைக் காட்டினார். வட்டக் கூடைப் படகுகள் மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன. மீனும் இல்லை, ஆளும் இல்லை. என் முதல் பயணப் படங்களும் அச்சு அசல் இவைதான். வெயில், பேரம் பற்றியெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதை விடுகிறேன்.

ஜீப் வரும் நேரத்துக்குக் கரைக்குப் போவது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். ஊரில் எங்கு கேட்டாலும் ஜீப் பயணம் ஒன்றை விற்பார்கள்: வெள்ளை மணல்மேடு, சிவப்பு மணல்மேடு, தேவதை ஓடை, மீனவர் கரை. விடியல் ஜீப் என்றால் சூரிய உதயத்துக்கு மணல்மேட்டில் நிற்கவைத்து, அப்புறம்தான் கரைக்கு வரும். அதற்குள் வியாபாரம் முக்கால்வாசி முடிந்திருக்கும். மாலை ஜீப்பில் போனால் காலிக் கரைதான். நான் மாலை ஜீப்புக்குப் பணம் கட்டி, இருபது நிமிடம் வெறும் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். "மீன் எங்கே?" என்று ஓட்டுநரைக் கேட்டேன். "காலையில்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்த ஒரு சொல்லைப் பணம் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

மறுமுறை ஜீப்பை விட்டுவிட்டு, ஐந்து மணிக்கு வாடகைக் காரில் தனியாகப் போனேன். பெரிய படகுகள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, கூடைப் படகுகள் மீனைச் சுமந்துகொண்டு கரைக்கு வந்தபடி இருந்தன. நம் பரிசலைப் போன்ற வட்டம்தான், ஆனால் ஓடுவது அலையில். கூம்புத் தொப்பி அணிந்த பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று கூடைகளை இழுத்தார்கள். ஒரு பாட்டி குத்தவைத்து உட்கார்ந்து, குட்டைக் கத்தியால் சிப்பியைப் பிளந்து, சதையைக் கிண்ணத்தில் தட்டி, ஓட்டைப் பின்னால் வீசிக்கொண்டே இருந்தார். முதுகுக்குப் பின்னால் ஓடுகள் குவியலாகக் கிடந்தன. ஜீப்புகள் வந்து சேர்ந்தபோது அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மணல்மேட்டை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கும் போய்விடாது.

மதியத்தில் மணல்மேடு

வேண்டாம்.

கேட்காமல் கூடைப் படகில் ஏறுவது

மூங்கில் பின்னலுக்கு மரப்பிசின் பூசித் தண்ணீர் புகாமல் காக்கிறார்கள். உங்கள் செருப்பு கீறிவிட்டால் ஒழுகுவது அவர்கள் பிழைப்பு.

தராசுக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பது

ஒதுங்கி நில்லுங்கள். வெயில் ஏற ஏற மீன் விலை இறங்கும்; நீங்கள் மறித்து நிற்கும் நேரம் விற்பவருக்கு நட்டம்.

நுவொக் மாமை நாற்றம் என்று ஒதுக்குவது

நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் ஓராண்டு அளவில் ஊறவைத்து வடிக்கும் மீன் சாஸ் இது. மூய் நேக்குப் பக்கத்து ஊரான ஃபான் தியெட் வட்டாரமே இதற்குப் பேர்போனது. பாட்டிலில் 40 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 கிராம் நைட்ரஜன். எண் கூடக் கூடச் சுவை அடர்த்தி. ஊருக்கு வாங்கிவரும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள், பலர் ஏற்றுவதில்லை.

ஃபான் தியெட்டில் இறங்காமல் திரும்புவது

அங்கே வான் துய் தூ என்ற கோயில் 1762இல் கட்டப்பட்டது. உள்ளே 22 மீட்டர் நீளத் திமிங்கில எலும்புக்கூடு. மீனவர்களுக்குத் திமிங்கிலம் கடலில் காக்கும் தெய்வம். செத்து ஒதுங்கிய திமிங்கிலத்தை முதலில் கண்டவர், மூத்த மகன் தகப்பனுக்குக் காப்பதுபோல் அதற்குத் துக்கம் காப்பார்.