பழங்கால வேட்டைப் பறவையின் எலும்பை இனம் காண்பது எப்படி

கொக்கிபோல் வளைந்த அலகைக் கண்டதும் 'பருந்து' என்று எழுதிவிடாதீர்கள். ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த மெஸ்ஸெலாஸ்டர் என்ற பழம்பறவை 1994-இல் பருந்துக் குடும்பத்தில்தான் வைக்கப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் அதைக் கிளிகளின் பக்கம் நகர்த்திவிட்டன. இன்றைய வல்லூறுகளே பருந்துகளைவிடக் கிளிகளுக்கு நெருக்கம் என்று மரபணு ஆய்வுகள் 2008 முதல் சொல்லிவருகின்றன. அலகை ஒதுக்கிவிட்டுக் காலிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எந்த நகம் எந்த விரலுக்கு உரியது என்று பிரியுங்கள். நகத்தையும் சேர்த்து எண்ணினால் முதல் விரலான பின்விரலில் 2 எலும்புகள், இரண்டாம், மூன்றாம், நான்காம் விரல்களில் முறையே 3, 4, 5. விரல்கள் கலையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு உதவும்.

பிறகு வெர்னியர் காலிப்பரால் (நுண்ணளவுக் கருவி) ஒவ்வொரு நகத்தையும் மூட்டின் மேல்விளிம்பிலிருந்து நகநுனிவரை நேர்கோட்டில் அளந்து, மூன்றாம் விரல் நகத்தோடு ஒப்பிடுங்கள். நுனி ஒடிந்ததை அளக்க வேண்டாம். புதைபடிவத்தில் நகத்தின் எலும்பை மூடும் கெரட்டின் (கொம்புப் பொருள்) உறை பெரும்பாலும் இருக்காது. ஆகவே ஒப்பீட்டுக்கு எடுக்கும் இன்றைய பறவையின் நகத்திலும் உறையைக் கழற்றிவிட்டே அளக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

முதல் இரண்டு நகங்கள் தெளிவாகப் பெரியவை என்றால் பருந்து வகை. நான்கும் ஏறக்குறைய சமம் என்றால் ஆந்தை. இது இன்றைய பறவைகளுக்குப் பொருந்தும் விதி. அமெரிக்காவின் வயோமிங்கில் உள்ள வில்வுட் பாறைப் படிவத்தில் கிடைத்து 2020-இல் விவரிக்கப்பட்ட, சுமார் 5.5 கோடி ஆண்டுப் பழமையான பிரிமோப்டிங்ஸ் ஓர் ஆந்தை; நகங்களோ பருந்தின் விகிதத்தில்! நக அளவு இரையைப் பிடித்த விதத்தைச் சொல்லும், உறவைச் சொல்லாது.

உறவுக்குக் கணுக்கால் மூட்டைப் பாருங்கள். கீழ்க்கால் எலும்பின் அடிமுனையில், முன்பக்கத் தசைநாணின் மேல் குறுக்கே ஓர் எலும்புப் பாலம் பருந்துகளுக்கு உண்டு, ஆந்தைகளுக்கு இல்லை. மெல்லிய பாலம் என்பதால் உடைந்து போயிருக்கலாம். இரு ஓரங்களிலும் முறிந்த அடித்தடம் தெரிகிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்காமல் 'இல்லை' எனக் குறிக்காதீர்கள்.

மெஸ்ஸல் எலும்புகள் தட்டையாக நசுங்கியவை. நீளத்தை நம்பலாம், அகலத்தை நம்பக் கூடாது. அங்குள்ள எண்ணெய்ப் படிவப்பாறை காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் எலும்புகளை ரெசினுக்கு (செயற்கைப் பிசின்) மாற்றும்வரை ஈரமாகவே வைத்திருப்பார்கள். நசுங்காத வடிவம் வேண்டுமானால் இங்கிலாந்தின் லண்டன் களிமண்ணில் கிடைத்த டேனியல்ஸ்ராப்டர் என்ற பழம்பறவையோடு ஒப்பிடுவது மேல்.

கையில் ஒற்றை எலும்புதான் என்றால் வரிசைப் பெயரோடு (குடும்பத்துக்கு மேலுள்ள வகைப்பாட்டுப் பிரிவு) நிறுத்துங்கள், பக்கத்தில் கேள்விக்குறியும் இடுங்கள். ஆஸ்திரேலியாவின் பின்பா ஏரிக்கரையில் எடுத்த, சுமார் 2.5 கோடி ஆண்டுப் பழமையான ஆர்க்கேஹியராக்ஸ் என்ற பறவையைப் பருந்துக் குடும்பத்தில் உறுதியாக வைக்க முடிந்தது, ஒரே பறவையின் 63 எலும்புகள் கிடைத்ததால்.