சிங்கிள் பின்னா, மல்டி பின்னா: வில் சைட் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த நவீன வில்) வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சைட்ல எத்தனை பின் இருந்தா நல்லது?" என்பதுதான். சைட் என்பது வில்லில் பூட்டும் குறிபார்க்கும் கருவி; அதில் இலக்கின் மேல் வைத்துப் பார்க்கும் சிறு ஊசிதான் பின். தோசைக்குச் சட்னி கணக்குப் போல, கூடக் கூட நல்லது என்ற நினைப்பு. முதல் தவறே அங்கேதான்.

அதற்கு முன் ஒரு விஷயம். 1972-இல் வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்ட பிறகு நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. கிண்டிப் பக்கம் புள்ளிமான் சாலையோரம் வந்து நின்றாலும் பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான். சென்னையில் நாங்கள் அம்பு விடுவதெல்லாம் டார்கெட்டுக்கு. வேட்டை சைட் பற்றிய சந்தேகம் வருவது, உரிமம் வாங்கி வேட்டையாட முடிகிற ஊர்களில் குடியேறியவர்களிடமிருந்து. என் அத்தை மகன் டெக்சாஸில் இருக்கிறான், இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டைக்குப் போவான். கீழே உள்ள தவறுகளில் பாதி அவனுடையது, மீதி என்னுடையது.

நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் போகும் அம்பை எடுத்துக்கொள்வோம். 20 மீட்டரைக் கடக்கக் கால் நொடி, அதற்குள் 30 செ.மீ. இறங்கிவிடும். 40 மீட்டருக்கு அரை நொடி, இறக்கம் 120 செ.மீ.க்கு மேல். தூரம் இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. இதை ஈடுகட்ட வில்லைக் கொஞ்சம் மேல் நோக்கிப் பிடிக்க வேண்டும்; எவ்வளவு என்று காட்டத்தான் பின். மல்டி பின்னில் 20, 30, 40 என்று ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு பின் அசையாமல் நிற்கும். சிங்கிள் பின்னில் இருப்பது ஒன்றே ஒன்று, தூரத்துக்கு ஏற்ப டயலைத் திருகி அதை ஏற்றி இறக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: தூரம் உங்களுக்கு எப்போது தெரிகிறது, தெரிந்த பிறகு அது மாறுமா? டார்கெட் நகராது. மரத்தின் மேல் மேடை கட்டி, கீழே ஒரே தடத்தில் வரும் மானுக்குக் காத்திருப்பவருக்கும் தூரம் ஏறக்குறைய முன்பே தெரியும். இவர்களுக்கு சிங்கிள் பின் சுகம். பார்வையை மறைக்க வேறு எதுவும் இருக்காது. காட்டில் நடந்து தேடுபவர் கதை வேறு. நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போது மான் 20-லிருந்து 35-க்கு நகர்ந்துவிட்டால் டயலைத் திருகக் கை ஏது?

ஆனால் மல்டி பின்காரர்களுக்கும் ஒரு கண்டம் உண்டு. அத்தை மகன் முதல் வருடம் ஐந்து பின் சைட்டோடு போனான். மான் வந்ததும் படபடப்பில் 20-க்கான பின்னை விட்டுவிட்டு 40-க்கான பின்னை வைத்து அம்பை விட்டிருக்கிறான். கணக்குப்படி அம்பு 25 செ.மீ. மேலே போகும், போனது. மான் தப்பித்தது, நல்லவேளை அடிபடாமல் தப்பித்தது. இப்போது மூன்று பின்தான் வைத்திருக்கிறான். 40-க்கு அப்பால் எய்யத் துணிவில்லாதவருக்கு 60-க்கான பின் எதற்கு?

இதே தவறை சிங்கிள் பின்னில் நான் செய்தேன். 40 மீட்டரில் பயிற்சி முடித்து 20-க்கு வந்தேன், டயலைத் திருப்ப மறந்தேன். அம்பு பலகைக்கு மேலே பறந்து மதில் சுவரில் பட்டு இரண்டாகப் போனது. இப்போதெல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் டயலை 25-க்குக் கொண்டுவந்துவிடுவேன். 25 ஏன் என்றால், அதே வேக அம்பு அந்த அமைப்பில் 20 மீட்டரில் ஐந்தாறு செ.மீ. மேலேயும், 30-இல் சுமார் 10 செ.மீ. கீழேயும் படும். மானின் நெஞ்சுக் குறியின் அகலம் 20 முதல் 25 செ.மீ. அதாவது 20-க்கும் 30-க்கும் நடுவே திடீரென்று எதிர்ப்பட்டாலும் ஏறக்குறைய சமாளிக்கலாம். சிங்கிள் பின் வேட்டைக்கே ஆகாது என்று அடித்துச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அதே சமயம், 40-ஐத் தாண்டினால் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஐந்து மீட்டர் தப்பாக மதிப்பிட்டாலே 15 செ.மீ.க்கு மேல் கீழே போய்விடும்.

இரண்டும் கலந்த வகையும் உண்டு: மூன்று பின் நிலையாக, அவை இருக்கும் சட்டகத்தோடு சேர்த்து ஏற்றி இறக்க ஒரு டயல். விலை கூடுதல். முதல் சைட்டாக நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் கஜம். அமெரிக்க சைட்டின் டயல் அட்டை (தூரங்கள் குறித்த பட்டை) பெரும்பாலும் கஜக் கணக்கு, நம் மைதானம் மீட்டர் கணக்கு. 40 கஜம் என்பது 36.6 மீட்டர்தான். அத்தை மகன் அனுப்பிய சைட்டில் 40 என்று வைத்து 40 மீட்டரில் ஒரு வாரம் எய்தேன். அம்பெல்லாம் 10 செ.மீ. கீழே குத்தியது, நான் ரிலீஸை (நாணை விடுவிக்கும் கருவியை) திட்டிக்கொண்டிருந்தேன். அம்பையோ முனையின் எடையையோ மாற்றினாலும் இதே கதி, பழைய அட்டை செல்லாது. சைட்டைத் திருத்தும்போது அம்பு போன பக்கமே பின்னை நகர்த்த வேண்டும். கீழே பட்டால் பின்னையும் கீழே இறக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பலரும் எதிர்ப்பக்கம்தான் நகர்த்துகிறார்கள்.

பின்னின் தடிமனைப் பலர் கவனிப்பதில்லை. 0.019 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். 0.010 இன்னும் மெல்லியது, ஆனால் விடியற்காலைக் காட்டில் மங்கிவிடும். சென்னை வெயிலில் சிக்கல் நேர் எதிர். பின்னின் நுனிக்கு வெளிச்சத்தைக் கொண்டுவரும் ஃபைபர் இழை அளவுக்கு மீறி ஒளிர்ந்து, பின்னின் நுனி நட்சத்திரம் போலப் பரவித் தெரியும். ஃபைபரின் ஒரு பகுதியைக் கறுப்பு டேப்பால் சுற்றினால் அடங்கிவிடும். மின்விளக்கு வைத்த சைட் வாங்குமுன் வேட்டையாடும் மாநிலத்தின் விதியைப் பாருங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கடைசியாக, சைட்டின் திருகுகள். வில்லின் அதிர்வு தளர்த்தும், கடற்காற்று துருவேற்றும். சரியாக வைத்த நிலையில் திருகுக்கும் சட்டகத்துக்கும் குறுக்கே வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் பின் நகர்ந்திருக்கிறது.