கனமான அணுவும் காந்தத் திசையொவ்வாமையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அணைவுச் சேர்மத்தின் (நடுவில் உலோக அயனியும், அதைச் சூழ்ந்து ஈனிகள் எனப்படும் அணுக்களோ அணுத்தொகுதிகளோ கொண்ட சேர்மம்) காந்தமாக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு எளிதாக நிகழாமல், மூலக்கூறின் ஓர் அச்சையோ ஒரு தளத்தையோ சார்ந்து நிற்பதைக் காந்தத் திசையொவ்வாமை என்கிறோம். எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் அதன் சுற்றுப்பாதை இயக்கத்துக்கும் உள்ள இணைப்பே இதற்கு முதன்மைக் காரணம். அணு கனமாக ஆக இந்த இணைப்பு வலுக்கிறது. இதுவரை பிழையில்லை. "கனமான தனிமத்தைச் சேர்த்தால் திசையொவ்வாமை தானாகவே கூடிவிடும்" என்று அங்கிருந்து தாவுவதே தவறு.

கடோலினியத்தின் அணு எண் 64, கோபால்ட்டின் அணு எண் 27. ஆனாலும் மும்மை நேர்மின் கடோலினியம் அயனியில் 4எஃப் எலக்ட்ரான் கூடு சரிபாதி நிரம்பியிருப்பதால் சுற்றுப்பாதைக் கோண உந்தம் சுழியாகிவிடுகிறது. இணைவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் இணைப்பு மாறிலி (இணைப்பின் வலிமையைச் சொல்லும் எண்) எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. அதன் திசையொவ்வாமை, நன்கு அமைந்த ஒரு கோபால்ட் அணைவுக்கு அருகில்கூட வராது.

இணைப்பின் வலிமை அணு எண்ணின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்ற விதியை அப்படியே எடுத்தாள்வது இன்னொரு வழக்கமான பிழை. அது ஒற்றை எலக்ட்ரான் அணுவுக்கான விதி. குளோரினிலிருந்து (17) அயோடினுக்கு (53) வரும்போது அந்தக் கணக்கு 90 மடங்குக்கு மேல் உயர்வைச் சொல்லும்; உண்மையில் இணைப்பு மாறிலி சுமார் 590 செ.மீ⁻¹ (ஆற்றலைக் குறிக்கும் அலகு) என்பதிலிருந்து சுமார் 5,000 செ.மீ⁻¹ ஆகிறது, அதாவது ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு. உள் எலக்ட்ரான்களின் மறைப்பைக் கணக்கில் கொண்டால், இணைதிறன் எலக்ட்ரான்களுக்கு இரண்டாம் அடுக்கே நெருக்கமான மதிப்பீடு.

உலோகத்தை மட்டும் பார்த்து ஈனியை மறந்துவிடுவோரும் உண்டு. மும்மை நேர்மின் குரோமியத்தின் சொந்த இணைப்பு மாறிலி 300 செ.மீ⁻¹-ஐக்கூட எட்டுவதில்லை. அதனுடன் பிணையும் அயோடைடு, பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை இருக்கும் அளவுக்கு, தன் வலிமையை இணையாகாத எலக்ட்ரான்களுக்குக் கடத்துகிறது. அந்தத் தன்மை இல்லையென்றால் அயோடின் வெறும் பார்வையாளர்தான். மேலும், ஈனியின் பங்கு உலோகத்தின் பங்கோடு எப்போதும் கூடும் என்பதற்கு உறுதியில்லை, எதிராகவும் வரலாம். நான்கு ஈனியணுக்கள் சூழ்ந்த ஒரு நிக்கல் அணைவு வரிசையில், சுழிப்புலப் பிளவை, அதாவது வெளிக் காந்தப்புலம் இல்லாமலே தற்சுழற்சி நிலைகளின் ஆற்றல் பிரிவதை, குறிக்கும் டி அளவுரு (எதிர்க்குறி என்றால் அச்சுத் திசையிலும், நேர்க்குறி என்றால் தளத்திலும் காந்தமாக்கம் எளிது) குளோரைடில் சுமார் +4 செ.மீ⁻¹ ஆகவும், புரோமைடில் சுமார் −11 செ.மீ⁻¹ ஆகவும் இருக்கிறது. குறியே திரும்பிவிடுகிறது.

இதில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, ஈனியணுவை மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றிவிட முடியாது என்பதே. நான்கு ஃபீனாக்சைடு, தயோஃபீனாலேட்டு, செலினோஃபீனாலேட்டு ஈனிகளால் முறையே சூழப்பட்ட கோபால்ட் அணைவுகளின் டி மதிப்புகள் 2013-இல் சுமார் −11, −62, −83 செ.மீ⁻¹ என வெளியாயின. கனமான அணுவின் வெற்றி என்று இதை மேற்கோள் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: இணைப்பு மாறிலி பெருமளவு உயர்வது சல்ஃபரிலிருந்து செலினியத்துக்கு வரும்போது, டி பெருமளவு உயர்வதோ ஆக்சிஜனிலிருந்து சல்ஃபருக்கு வரும்போது. ஈனிப்புலம் (ஈனிகள் உலோகத்தின் எலக்ட்ரான்கள்மேல் செலுத்தும் தாக்கம்) தளர்ந்து கிளர்நிலைகள் (எலக்ட்ரான்களின் உயர் ஆற்றல் நிலைகள்) தாழ்வதும், கோணங்கள் சற்றே திரிவதும் சேர்ந்துதான் இந்த மாற்றத்தைத் தருகின்றன. எனவே ஒரு தொடரை விளக்கும் முன் கிளர்நிலை ஆற்றல்களையும் பிணைப்புக் கோணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காந்தமாக்கத்தை அளக்கும் கருவியான காந்தமானியின் தரவை மட்டும் பொருத்தி டி-யின் குறியை அறிவிப்பது ஆபத்தானது. நான்கு குளோரைடும் இரண்டு சயனைடும் கொண்ட ரீனியம் அணைவுக்கு 2010-இல் காந்தமாக்கத் தரவிலிருந்து −14.4 செ.மீ⁻¹ என்று கிடைத்தது. பிறகு உயர் அதிர்வெண் எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு ஆய்வு (தற்சுழற்சி நிலைகளின் ஆற்றல் இடைவெளிகளை நேரடியாக அளக்கும் முறை) +11 செ.மீ⁻¹ என்றும், குறுக்குத் திசை அளவுருவான ஈ (அச்சுக்குக் குறுக்கான திசைகளுக்குள் உள்ள வேறுபாடு) 3.2 செ.மீ⁻¹ என்றும் காட்டியது. ஈ இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அச்சு, தளம் என்ற பாகுபாடே மங்கிவிடுகிறது. எனவே ஒத்ததிர்வு ஆய்வைக் கூடுதல் அலங்காரமாகக் கருதக் கூடாது.

சுற்றுப்பாதைக் கோண உந்தம் உள்ள லாந்தனைடுகளுக்கு (டிஸ்ப்ரோசியம், எர்பியம் போன்ற 4எஃப் தனிமங்களுக்கு) டி அளவுருவைப் பயன்படுத்துவதும் பொருந்தாது. அங்கே இணைப்பு ஈனிப்புலத்தை விஞ்சி நிற்பதால், தற்சுழற்சியும் சுற்றுப்பாதையும் சேர்ந்த மொத்தக் கோண உந்தத்தின் நிலைகளையே ஈனிப்புலம் பிளக்கிறது. டிஸ்ப்ரோசியத்தின் எஃப் எலக்ட்ரான் மேகம் தட்டையானது, அதற்கு அச்சின் மேலும் கீழும் ஈனி வேண்டும்; எர்பியத்தின் மேகம் நீண்டது, அதற்கு நடுத்தளத்தில் ஈனி வேண்டும். அணு எண் 66-ஐவிட 68 பெரிது என்பதால் டிஸ்ப்ரோசியத்துக்கு ஏற்ற வடிவத்தில் எர்பியத்தை வைத்தால் முன்னேற்றம் வராது, பின்னடைவுதான் வரும். 2018-இல் 80 கெல்வின் வரை காந்தத் தயக்கம் (புலத்தை நீக்கியும் காந்தமாக்கம் நீடிக்கும் தன்மை) காட்டிய டிஸ்ப்ரோசியம் மெட்டலோசீனில் (இரு கார்பன் வளையங்களுக்கு இடையே உலோகம் அமைந்த சேர்மம்) உலோகத்தைத் தொடும் அணுக்கள் அனைத்தும் கார்பன்; அதன் ஈனிகளில் கனமான அணு ஒன்றுகூட இல்லை.