வயதான நாய்க்குத் தொடை பிடித்துவிடுவது
சென்னை ராயபுரம், காசிமேடு வீடுகளின் டைல்ஸ் தரையில் வழுக்காமல் நிற்க, வயதான நாய் பின்னங்காலை இறுக்கியே வைத்திருக்கும். தொடைச் சதை கட்டிப்போகும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, சாக்கு விரித்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எண்ணெய் வேண்டாம், நக்கிவிடும். கழுத்திலிருந்து வால்வரை உள்ளங்கையால் 5 முறை மெதுவாகத் தடவுங்கள். பிறகு தொடைச் சதையில் மட்டும், தோல் நகரும் அளவுக்கு விரல் நுனியால் இடம் மாற்றி மாற்றி, ஒவ்வோர் இடத்திலும் ஒன்றேகால் வட்டம் போடுங்கள். உங்கள் கண் இமையில் வைத்தால் உறுத்தாத அழுத்தம்தான் சரியான அளவு. முதுகெலும்பின்மேல் அழுத்தவே கூடாது. உதட்டை நக்கினாலோ, வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாலோ வலிக்கலாம். உடனே கையை எடுங்கள். மொத்தம் 10 நிமிடம். ரெய்கி (கையை வைத்தே குணப்படுத்துவதாகச் சொல்லும் ஜப்பானிய முறை) போலக் கையை வைத்திருந்தால் நாய் அமைதியாகலாம், மூட்டு குணமாகாது. வீக்கம், காய்ச்சல், திடீர் நொண்டல் இருந்தால் பிடித்துவிடாமல் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.