தேனடையின் ஒழுங்கைக் கலைக்கும் தவறுகள்

மார்த்தாண்டம், அருமனை, களியக்காவிளை எனக் கேரள எல்லையை ஒட்டிய ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டியைத் திறப்பவர்கள் பெரும்பாலும் தேனைத்தான் முதலில் தேடுகிறார்கள். அடைகள் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் தொங்குகின்றன என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

மரப்பொந்திலிருந்து தேனீக் குடும்பத்தைப் பெட்டிக்கு மாற்றுகையில், வெட்டிய அடையை வாழைநாரால் பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டத்தில் கட்டுவது வழக்கம். அப்போது மேல்கீழ் மாறிவிடக் கூடாது. அடையிலுள்ள சிறு அறைகளின் வாய் சற்றே மேல்நோக்கி இருக்குமாறுதான் பணித்தேனீக்கள் கட்டுகின்றன. தலைகீழாகக் கட்டினால் மூடப்படாத தேன் ஒழுகி எறும்பு சேரும்.

இத்தாலியத் தேனீயின் அளவுகளை நம் இந்தியத் தேனீக்குப் பயன்படுத்துவது அடுத்த தவறு. ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு இத்தாலியத் தேனீ சுமார் 35 மி.மீ. விடுகிறது, உடல் சிறிய இந்தியத் தேனீக்கு ஏறத்தாழ 30 மி.மீ. போதும். இடைவெளி கூடினால் அங்கே குறுக்கடை கட்டிச் சட்டங்களை ஒட்டிவிடும், பிறகு எந்தச் சட்டத்தையும் அடை கிழியாமல் தூக்க முடியாது. மேலும் அடை எப்போதும் நேர்செங்குத்தாகவே இறங்கும் என்பதால், மலைச்சரிவுத் தோட்டத்தில் பெட்டி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அது சட்டத்தை விட்டு விலகி அடுத்ததில் போய் ஒட்டும். சட்டத்தின் நீளவாக்கில் சிறிது சரிவு இருந்தால் கெடுதல் இல்லை.

சோதித்த பின் சட்டங்களைக் கண்டபடி வைப்பதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். நடுவில் முட்டையும் புழுவும், அதைச் சுற்றி மகரந்தம், மேலே வளைவாகத் தேன் என்று அமைத்துக்கொண்டு, புழுப்பகுதியைச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குடும்பம் காக்கிறது. மழைக்காலத்தில் இதன் நடுவே வெற்றுச் சட்டத்தைச் செருகினால் கூடு இரண்டாகப் பிரிந்து புழுக்கள் குளிரில் சாகும். சட்டத்தைத் திருப்பி வைத்தாலும் ஆபத்துண்டு: ஓர் அடையின் மேடு எதிர் அடையின் பள்ளத்துக்குப் பொருந்தியே கட்டப்படுகிறது, திருப்பினால் மேடும் மேடும் முட்டி ராணியே நசுங்கக்கூடும். சட்டத்தின் மேல்கட்டையில் பென்சிலால் எண்ணும் திசையும் குறித்து வைத்தால் போதும்.

புழுக்கள் வளரும் கீழ்த்தட்டு அடைகளின் மேல்வளைவில் இருக்கும் தேன் குடும்பத்தின் மழைக்காலச் சேமிப்பு. ரப்பர் தளிர்விடும் காலத்தில் தேன்வரத்து எவ்வளவு அதிகமாக இருந்தாலும், பெட்டியின் மேல்தட்டான தேன் அறையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

அடையின் கீழ்விளிம்பில் கூம்பு மூடியின் நடுவே ஊசித்துளை தெரிந்தால் நோய் என்று பயந்து அறுத்துவிடுகிறார்கள். இந்தியத் தேனீயில் ஆண் தேனீ வளரும் அறையின் மூடி இயல்பிலேயே அப்படித்தான் இருக்கும்.

கறுத்த பழைய அடையைச் சிக்கனம் கருதி விட்டுவைப்பவர்களும் உண்டு. இந்தியத் தேனீ புது அடையையே விரும்பும். பழையதைக் கடித்துத் துகளாக அடிப்பலகையில் உதிர்க்கும். அந்தத் துகளைக் கூட்டித் தள்ளாவிட்டால் மெழுகு அந்துப்பூச்சி அதில் முட்டையிடும், அதன் புழு அடையைத் துளைக்கும், முடிவில் குடும்பமே பெட்டியை விட்டு ஓடும்.