போட்டதைவிட அதிகம் தரும் ஹீட்டரா? சோதிக்கும் முறை

போட்ட மின்சாரத்தைவிட அதிக வெப்பம் தருவதாக ஒரு ஹீட்டரைக் காட்டினால், அதை இப்படிச் சோதியுங்கள். முதலில், ஆவியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு கிலோ கொதிநீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். பாதி நீர் துளிகளாகவே வெளியேறியிருக்க, முழுதும் ஆவியானதாக எழுதினால் வெப்பக் கணக்கு பெருமளவு ஊதிப் பெருத்துவிடும். 2011-இல் இத்தாலியின் பொலோனியாவில் ஆந்திரேயா ரோஸ்ஸி, போட்டதைவிட அதிக வெப்பம் தருவதாகச் சொல்லிக் காட்டிய ‘ஈ-கேட்’ கருவி மீது எழுந்த கேள்விகளில் இதுவும் ஒன்று.

தெர்மோகோல் சுற்றிய, மூடியுள்ள டிரம்மில் 20 கிலோ நீரை எடைபோட்டு ஊற்றுங்கள். 25 டிகிரியிலிருந்து 55 டிகிரி வரை சூடாக்குங்கள். கலக்காவிட்டால் மேல்நீர் மட்டும் சூடேறி அளவு பொய்க்கும். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல் வேண்டும். ஆக 20 × 30 × 4.19 = 2,514 கிலோஜூல், அதாவது சுமார் 0.70 யூனிட் (ஒரு யூனிட் 3,600 கிலோஜூல்).

முதல் ஓட்டம் சாதாரண இம்மர்ஷன் ஹீட்டரில். மீட்டர் 0.75 காட்டினால் 0.05 வெளியே போன வெப்பம். பிறகு அதே சோதனை அந்த ‘அதிசய’ கருவியில். மீட்டர் 0.70-க்கும் குறைவாகக் காட்டினால்தான் அது போட்டதைவிட அதிகம் தந்ததாகும். மீட்டர் உங்களுடையதாக இருக்கட்டும். யூனிட் காட்டுவதாகவும் இருக்கட்டும். ஆம்பியரை 230-ஆல் பெருக்கும் வேலை வேண்டாம். மின்சாரத்தின் அலைவடிவத்தை வெட்டும் கட்டுப்பாட்டுச் சுற்று இருந்தால் அந்தக் கணக்கு தவறாகிவிடும். உள்ளே பேட்டரி ஒளிந்திருக்கலாம், ஆகவே நீரை மாற்றி மாற்றிப் பல மணி நேரம் ஓட்டுங்கள்.

ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தரும் கருவி) 1 யூனிட்டுக்கு 3 யூனிட் வெப்பம் தருவது மோசடியல்ல. மீதி 2 வெளிக்காற்றிலிருந்து வருகிறது. அதன் வெளிப்பெட்டி குளிர்ந்த காற்றை ஊதும்.